தொழிற்சாலைக் கன்ட்ரோலரில் நெட்வொர்க் தாமதத்தைக் குறைப்பது: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் ஓடும் சிறிய ஏஆர்எம் போர்டைக் கன்ட்ரோலராக வைத்து, ஈதர்நெட்டிலும் ஆர்எஸ்-485 கம்பியிலும் (பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் சீரியல் கம்பி) டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரிமோட் ஐஓ (சென்சார், ஸ்விட்ச் போன்றவற்றை இணைக்கும் தொலைப் பெட்டி), மீட்டர் போன்றவற்றோடு பேசவைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில் வலைக் கம்பெனியோ, குளச்சல் ஐஸ் பிளாண்டோ, மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலையோ, எங்கே வைத்தாலும் பிரச்சினையின் அமைப்பு ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில். 'மெதுவாக இருக்கிறது' என்றதும் வேகமான போர்டு வாங்கச் சொல்வார்கள், அல்லது நேராக லினக்ஸின் உட்கருவான கெர்னலில் கை வைப்பார்கள். செய்தி கம்பியில் ஓடும் நேரம் மிகச் சொற்பம். மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒரு டைமர் முடியட்டும் என்று காத்துக் கிடப்பதில் போகிறது. எந்த டைமர் என்று கண்டுபிடித்து அதை எடுப்பதுதான் வேலை. அதனால்தான் இங்கே வரிசை முக்கியம். படிகளை மாற்றிச் செய்தால் ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துவிடும்.

வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்கிறேன். முடிச்சுப் போட்ட மீன்வலையை நீட்டி, சூடாக்கி, முடிச்சை இறுக்கும் இயந்திரம். அதில் 6 ரோலர்கள், ரோலருக்கு ஒரு டிரைவ், எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 கம்பியில். ஈதர்நெட்டில் ஒரு ரிமோட் ஐஓ, ஒரு தொடுதிரை. ரோலர்களின் வேக விகிதம் பிசகினால் இழுவை மாறும், இழுவை மாறினால் வலைக்கண்ணின் அளவு மாறும். இதில் தாமதம் நேரடியாகச் சரக்கில் தெரியும்.

1. எவ்வளவு வேகம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

'முடிந்த அளவு வேகமாக' என்பது தேவை ஆகாது. ஒரு எண் வேண்டும். அந்த எண் இயந்திரத்திலிருந்து வரவேண்டும்.

ஐஸ் பிளாண்டில் உப்புநீரின் குளிர் நிமிடக்கணக்கில்தான் மாறும். அங்கே 1 செகண்டுக்கு ஒரு முறை படித்தாலே தாராளம். இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேல் அங்கே தேவைப்படாது. நம் வலை இயந்திரத்தில், ஒரு ரோலரின் இழுவை மாறியதைப் பார்த்து அடுத்த ரோலரின் வேகத்தைத் திருத்த 50 மில்லிசெகண்ட் வைத்துக்கொள்வோம்.

இரண்டு எண்களாக எழுதுங்கள். ஒன்று, வழக்கமான சுற்று நேரம். இரண்டு, எந்த நிலையிலும் தாண்டக்கூடாத உச்ச நேரம். சரக்கு கெடுவது உச்சத்தில்தான். சராசரி 20 மில்லிசெகண்ட் என்று சந்தோஷப்பட்டு, மணிக்கு இரண்டு தரம் வரும் 1 செகண்ட் தடங்கலைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை.

அவசர நிறுத்தப் பொத்தானை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது தனிக் கம்பியில், சேஃப்டி ரிலே வழியாக, நெட்வொர்க் செத்தாலும் வேலை செய்யும்படி இருக்கவேண்டும். இயந்திரத்தில் அப்படி இல்லையென்றால் தாமத வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். ஆள் கை வைக்கிற ரோலர் இது.

2. கை வைப்பதற்கு முன் தேவையானவை

வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது செய்தித் துண்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்ட லேப்டாப் ஒன்று. போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் பேச்சை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுக்கும்) வசதி உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று, சிறியதே போதும். சாதாரண ஸ்விட்சில் லேப்டாப்பைச் செருகிவிட்டு 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஸ்விட்ச், கன்ட்ரோலருக்கும் ஐஓவுக்கும் இடையிலான பேச்சை அந்த இரண்டு போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு, எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் மட்டும்தான் வந்து சேரும்.

ஆர்எஸ்-485 பக்கத்துக்கு ஒரு லாஜிக் அனலைசர் அல்லது ஆசிலோஸ்கோப். இரண்டும் இல்லையென்றால் மல்டிமீட்டராவது வேண்டும். புதிய நெட்வொர்க் கேபிள் இரண்டு, மூன்று.

கன்ட்ரோலரின் எஸ்டி கார்டை அப்படியே இமேஜ் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டிரைவிலும் கம்யூனிகேஷன் பாராமீட்டர்களை மொபைலில் படம் பிடியுங்கள். அப்புறம் சூப்பர்வைசரிடம் பேசி, ஷிஃப்ட் மாறும் இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள். ஓடுகிற இயந்திரத்தில் பாட் ரேட்டை (சீரியல் கம்பியில் செகண்டுக்கு எத்தனை பிட் என்ற வேகம்) மாற்றினால் டிரைவ் கம்யூனிகேஷன் ஃபால்ட்டில் நிற்கும். ஒரு ரோலர் மட்டும் நின்றால் வலை கிழியும்.

3. ஒரு சுற்றைத் துண்டுகளாக அளவிடுங்கள்

மொத்த நேரத்தை மட்டும் அளந்தால் எங்கே தாமதம் என்று தெரியாது. ஐந்து இடங்களில் நேரம் குறியுங்கள்: நிரல் கட்டளையை முடிவுசெய்த நேரம், சாக்கெட்டிலோ (நிரலின் நெட்வொர்க் வாசல்) சீரியல் போர்ட்டிலோ எழுதி முடித்த நேரம், கம்பியில் கேள்வி கிளம்பிய நேரம், கம்பியில் பதில் வந்த நேரம், பதில் நிரலின் கைக்குக் கிடைத்த நேரம். கம்பியில் நடக்கும் இரண்டும் வயர்ஷார்க்கிலோ ஸ்கோப்பிலோ கிடைக்கும். மற்றவை நிரலுக்குள்.

நிரலுக்குள் குறிக்க மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். சாதாரண கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் சரிசெய்யும் சேவை) திடீரென்று திருத்தும். அப்போது இல்லாத தாமதம் இருப்பதுபோலத் தெரியும். குறித்த நேரங்களை ரேமில் ஒரு அணியில் சேர்த்து, ஓட்டம் முடிந்த பிறகு கோப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எஸ்டி கார்டில் எழுதினால், அளப்பதே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

ஐந்து நிமிட அளவு பயன்படாது. ஒரு முழு ஷிஃப்ட் ஓடவிடுங்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நேரம், மேனேஜர் கேமரா பார்க்கும் நேரம், அறிக்கை மேலே ஏறும் நேரம் எல்லாம் அதற்குள் வரவேண்டும்.

பிறகு எத்தனை மில்லிசெகண்டில் எத்தனை சுற்றுகள் விழுந்தன என்று ஒரு வரைபடம் போடுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். குவியல் விழும் இடத்தைப் பார்த்தே குற்றவாளியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

16 மில்லிசெகண்ட் அருகே குவிந்தால், யுஎஸ்பி-சீரியல் சிப்பின் டைமரைச் சந்தேகியுங்கள். 40 என்றால், டிசிபியின் (ஈதர்நெட்டில் செய்தி சேர்ந்ததை உறுதிசெய்யும் நெறிமுறை) தாமத ஒப்புகை, அதாவது 'கிடைத்தது' என்ற பதிலைக் கொஞ்சம் பிந்தி அனுப்பும் வழக்கம். லினக்ஸில் அதன் குறைந்தபட்ச மதிப்பு 40 மில்லிசெகண்ட். 200 என்றால் இரண்டு வாய்ப்புகள்: எதிர்முனை பழைய விண்டோஸ் கணினியாக இருந்து அது ஒப்புகையைத் தாமதிக்கிறது, அல்லது பாக்கெட் தொலைந்து லினக்ஸ் மறுபடி அனுப்புகிறது. லினக்ஸ் தொலைந்த பாக்கெட்டுக்குக் குறைந்தது 200 மில்லிசெகண்ட் காத்திருக்கும். சரியாக 1 செகண்ட் என்றால், புது இணைப்பின் முதல் பாக்கெட் தொலைந்திருக்கும், அல்லது உங்கள் நிரலிலேயே மாட்பஸ் (கருவிகள் கேள்வி-பதிலாகப் பேசும் நெறிமுறை) டைம்அவுட் 1 செகண்ட் என்று இருக்கும். 5 செகண்ட் என்றால் பெயர் தேடல். பெயரை ஐபி எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லவில்லை.

குவியலே இல்லாமல் அகலமாகப் பரவிக் கிடந்தால், போர்டில் வேலைப் பளு அல்லது கேபிளில் நெரிசல். இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் அடுத்த படிகளுக்குப் போகவேண்டும்.

4. கம்பியிலும் முனையிலும் தொடங்குங்கள்

ஏன் முதலில் கம்பி? ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தால் 200 மில்லிசெகண்ட் போகிறது. நம் வரம்பு 50. மேலே எந்த மென்பொருள் வித்தை செய்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் போர்ட்டின் புள்ளிவிவரத்தைக் கேளுங்கள். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்) எண்ணிக்கையை இப்போது குறித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நல்ல கேபிளில் அது ஏறவே கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் உப்புக்காற்று ஆர்ஜே45 முனைகளை அரிக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பேனல் கதவின் ரப்பர் நைந்துபோயிருந்தால் இன்னும் சீக்கிரம். முனையைத் துடைத்து மறுபடி செருகினால் அந்த நேரத்துக்குச் சரியாகும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். கேபிள் ஓட்டையை கிளாண்ட் போட்டு அடையுங்கள்.

அதே ஈத்டூலில் வேகமும் டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேச முடியுமா என்பது) தெரியும். ஒரு பக்கம் '100, முழு டூப்ளெக்ஸ்' என்று கட்டாயமாக வைத்து, மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் அரை டூப்ளெக்ஸில் போய் உட்காரும். பிங் நன்றாகவே போகும். சுமை ஏறியதும் மோதல் தொடங்கும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் கட்டாயம். கலக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு இந்தச் சோதனையை ஒருமுறை செய்வது நல்லது. மின்னலில் அடிபட்ட போர்ட் முழுதாகச் சாகாமல், 100-க்குப் பதில் 10-இல் இணைந்து ஓடிக்கொண்டிருக்கும். செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதுபோல் நீளமான ஓட்டம் என்றால் ஃபைபர் போடுங்கள். அது மின்னலையும் கடத்தாது.

ஆர்எஸ்-485 பக்கத்தில், கரண்டை நிறுத்திவிட்டு ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஏறக்குறைய 60 காட்டும். 120 காட்டினால் ஒரு கோடியில் இல்லை. 40 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். டிரைவுக்குள்ளேயே இருக்கும் சிறிய ஸ்விட்சைப் பாருங்கள். கம்பி ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்குத் தொடராகப் போகவேண்டும். பேனலிலிருந்து ஆறு பக்கமும் தனித்தனியாக இழுத்த நட்சத்திர அமைப்பில் எதிரொலி வரும். அதை ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்க முடியாது.

5. கட்டுப்பாட்டு நெட்வொர்க்கைத் தனியாகப் பிரியுங்கள்

100 மெகாபிட் கம்பியில் மிகச்சிறிய பாக்கெட் போக ஏறக்குறைய 7 மைக்ரோசெகண்ட். மிகப்பெரியது போக 123 மைக்ரோசெகண்ட். முன்னால் 100 பெரிய பாக்கெட்டுகள் வரிசையில் நின்றால், உங்கள் சின்னக் கட்டளை 12 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்கும். ஸ்விட்சின் இடம் நிரம்பிவிட்டால் அது தூக்கிப்போடவும் செய்யும். அப்போது மறுபடியும் 200 மில்லிசெகண்ட்.

அந்தப் பெரிய பாக்கெட்டுகள் பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராவிலிருந்து வருகின்றன. ஸ்விட்சில் போர்ட் காலியாக இருக்கிறதே என்று யாராவது கேமராவைச் செருகியிருப்பார்கள். இதற்கு எளிய வழி, ஐஓ, கன்ட்ரோலர் இரண்டுக்கும் தனி ஸ்விட்ச். போர்டில் இரண்டு ஈதர்நெட் போர்ட் இருந்தால் ஒன்று இயந்திரத்துக்கு, மற்றது ஆபீஸுக்கு. இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒரே நெட்வொர்க்காக்கிவிடாதீர்கள், பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

தனி ஸ்விட்சுக்கு வழியில்லாதபோது விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்து, கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம். ஆனால் அதை ஒருவர் அமைக்கவும் பிற்பாடு இன்னொருவர் புரிந்துகொள்ளவும் வேண்டும். சின்னக் கம்பெனியில் தனி ஸ்விட்சே நீடிக்கும்.

கட்டுப்பாட்டுச் சுற்றில் வைஃபை வேண்டாம்.

6. ஆர்எஸ்-485: கணக்குப் போட்டுக் குறையுங்கள்

நம் எடுத்துக்காட்டில் பெரும் தாமதம் இங்கேதான். மாட்பஸ் ஆர்டியுவில் (சீரியல் கம்பியில் ஓடும் மாட்பஸ்) ஒரு எழுத்துக்கு 11 பிட். 9600 பாட் ரேட்டில் ஒரு எழுத்து போக 1.15 மில்லிசெகண்ட்.

ஒரு டிரைவிலிருந்து 4 ரிஜிஸ்டர் (டிரைவ் ஒரு எண்ணை வைத்திருக்கும் இடம்) படிக்க, கேள்வி 8 எழுத்து, பதில் 13 எழுத்து: 21 எழுத்துக்கு 24 மில்லிசெகண்ட். செய்தி முடிந்தது என்று அறிய மூன்றரை எழுத்து நேரம் மௌனம் வேண்டும். கேள்விக்கும் பதிலுக்குமாக 8. டிரைவ் யோசிக்க ஒரு 5. மொத்தம் 37. வேகக் கட்டளை எழுத, 8-உம் 8-உம் 16 எழுத்து. அதே முறையில் 31. ஆறு டிரைவுக்கும் சேர்த்து 408 மில்லிசெகண்ட். வரம்போ 50.

பாட் ரேட்டை 115200 ஆக்குங்கள். எழுத்து நேரம் 12 மடங்கு குறையும். மொத்தம் 12 மடங்கு குறையுமா? குறையாது. 19200-க்கு மேல் மௌன நேரத்தை 1.75 மில்லிசெகண்ட் என்று நிலையாக வைக்கச் சொல்கிறது மாட்பஸ் நெறிமுறை. டிரைவ் யோசிக்கும் 5 மாறாது. கூட்டினால் 123 மில்லிசெகண்ட் வரும். பாட் ரேட்டை ஏற்றிவிட்டு 'இன்னும் மெதுவாகத்தானே இருக்கிறது' என்று குழம்புவது இதனால்தான். எழுத்துகள் ஓடும் நேரம் குறைந்தபின் மிச்சம் இருப்பது, கேள்விகளின் எண்ணிக்கை. இனி அதைக் குறைக்கவேண்டும்.

முதலில் டிரைவின் பாராமீட்டரில் 'பதில் தாமதம்' என்று ஏதாவது இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பல டிரைவ்களில் இருக்கும், தொழிற்சாலை மதிப்பு சுழியமாக இருக்காது. அடுத்து, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கேள்வியில் செய்யும் மாட்பஸ் செயல்பாடு 23-ஐ டிரைவ் ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால் டிரைவுக்கு 28 எழுத்து, ஒரே ஒரு யோசிப்பு, ஏறக்குறைய 11 மில்லிசெகண்ட், ஆறுக்கும் 67. கடைசியாக, போர்டில் இரண்டாவது சீரியல் போர்ட் இருந்தால் மூன்று மூன்று டிரைவாகப் பிரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். 34 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். 408-இல் தொடங்கியது, போர்டை மாற்றாமல்.

செயல்பாடு 23 இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் எல்லா டிரைவுக்கும் வேகத்தை எழுதி, நிலையை மட்டும் சுற்றுக்கு ஒரு டிரைவாகப் படியுங்கள். டிரைவின் வெப்பத்தையோ கரண்டையோ 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. தனித்தனி ரிஜிஸ்டராகப் படிக்காமல், அடுத்தடுத்து இருப்பவற்றை ஒரே கேள்வியில் வாங்குங்கள். ஒரு கேள்வியில் 125 வரை கேட்கலாம்.

பாட் ரேட்டை ஏற்றியபின் பிழை வரத்தொடங்கினால் 4-ஆவது படிக்குத் திரும்புங்கள். 9600-இல் மறைந்திருந்த மோசமான வயரிங் 115200-இல் வெளியே வரும்.

யுஎஸ்பி மாற்றி: எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றிகள், சிறிய பதிலை உடனே மேலே அனுப்பாமல் 16 மில்லிசெகண்ட் வரை சேர்த்து வைக்கும். 13 எழுத்துப் பதில் அதன் இடத்தை நிரப்பாது, எனவே ஒவ்வொரு முறையும் காத்திருப்புதான். லினக்ஸின் சிஸ் கோப்பகத்தில், யுஎஸ்பி-சீரியல் கருவியின் கீழ் லேட்டன்சி டைமர் என்ற கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதுங்கள். ஒரே வரி வேலை. போர்டிலேயே யுஏஆர்டி (சீரியல் போர்ட்) இருந்தால் அதை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

திசை மாற்றம்: ஆர்எஸ்-485-இல் பேசிமுடித்ததும் அனுப்பும் முனையை விடவேண்டும். நிரலே போர்டின் ஜிபிஐஓ முனையை ஏற்றி இறக்கினால், லினக்ஸ் கொஞ்சம் பிந்தும்போது டிரைவின் பதிலின் முதல் எழுத்துகள் நசுங்கும். அதை கெர்னலின் ஆர்எஸ்-485 பயன்முறையிடமோ, தானே திசை மாற்றும் சிப்பிடமோ விட்டுவிடுங்கள்.

செத்த கருவி: அணைத்து வைத்த டிரைவ் ஒன்றுக்கு 1 செகண்ட் டைம்அவுட், 3 முயற்சி என்று இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 3 செகண்ட் மற்ற ஐந்தும் பட்டினி கிடக்கும். 'சில சமயம் மட்டும் மெதுவாகிறது' என்ற புகாருக்குப் பின்னால் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். அளந்த உச்சப் பதில் நேரத்தின் இரண்டு மடங்கைப் போல டைம்அவுட் வையுங்கள். அதற்குள் பேசாத கருவியைச் சுற்றிலிருந்து எடுத்து, 5 செகண்டுக்கு ஒருமுறை மட்டும் தட்டிப் பாருங்கள். ரோலர் டிரைவ் என்றால் சும்மா எடுத்துவிட முடியாது. எல்லா ரோலரையும் ஒழுங்காக நிறுத்தும் கட்டளை அந்த இடத்தில் போகவேண்டும்.

7. டிசிபி பக்கத்தில் நான்கு திருத்தங்கள்

மாட்பஸ் டிசிபியில் 7 பைட் தலைப்பை ஒருமுறையும், மீதியை இன்னொருமுறையும் சாக்கெட்டில் எழுதும் நிரல்கள் உண்டு. 1984-இல் வந்த நேகிள் முறைப்படி, முதல் சின்னத் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை இரண்டாவது துண்டு கிளம்பாது. எதிர்முனையோ, கேள்வி முழுதாக வரவில்லையே என்று ஒப்புகையைத் தாமதிக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு 40 அல்லது 200 மில்லிசெகண்ட் நிற்பார்கள். வயர்ஷார்க்கில் இது தெளிவாகத் தெரியும்: 7 பைட், நீண்ட இடைவெளி, ஒப்புகை, மீதி.

தலைப்பையும் உடலையும் ஒரே பஃபரில் சேர்த்து ஒரே முறையில் அனுப்புங்கள். கூடவே சாக்கெட்டில் டிசிபி நோடிலே (நேகிள் காத்திருப்பை நிறுத்தும்) ஆப்ஷனைப் போடுங்கள். ஆப்ஷனை மட்டும் போட்டு இரண்டு தடவை எழுதுவதை விட்டுவைக்காதீர்கள். சில சின்னக் கருவிகள், ஒரு கேள்வி இரண்டு பாக்கெட்டாக வந்தால் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

இரண்டாவது, இணைப்பைத் திறந்தே வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திறந்து மூடினால் கைகுலுக்கலுக்கே ஒரு போய்வரவு போகும். அந்தப் பாக்கெட் தொலைந்தால் 1 செகண்ட்.

மூன்றாவது, கருவிகளின் ஐபி முகவரியை நிலையாக வைத்து எண்ணாகவே எழுதுங்கள். பெயராக எழுதினால் டிஎன்எஸ் வரும், இன்டர்நெட் போகும் நாளில் இயந்திரமும் தடுமாறும்.

நான்காவது, தொடுதிரை, ஆபீஸ் கணினி எல்லாம் ஐஓவை நேரடியாகக் கேட்கக்கூடாது. சின்னக் கருவிகள் கேள்விகளை ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். கன்ட்ரோலர் மட்டும் கருவியைக் கேட்கட்டும், மற்றவர்கள் கன்ட்ரோலரைக் கேட்கட்டும். ஈதர்நெட்-சீரியல் கேட்வே வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம்: அதன் பின்னால் இருப்பது ஒரே ஒரு கம்பி.

8. நிரலின் சுற்றைச் சீராக்குங்கள்

பதிவு எழுதுதல், மேகத்துக்கு (இணைய சர்வருக்கு) அனுப்புதல், திரையைப் புதுப்பித்தல் ஆகிய மூன்றும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் இருக்கவே கூடாது. எஸ்டி கார்டு உள்ளே தன்னைச் சீர்செய்துகொள்ளும்போது அதில் எழுதுவது நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் நிற்கலாம். மொபைல் சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு இணைப்பு முயற்சி, லினக்ஸின் இயல்பு அமைப்பில், 2 நிமிடத்துக்கு மேல் விடாமல் முயலும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு நிஜம் என்று தெரியும்.

இவற்றைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) வைத்து, நடுவே அளவு வரம்புள்ள ஒரு வரிசை வையுங்கள். வரிசை நிரம்பினால் பழைய பதிவைத் தூக்கிப்போடுங்கள். வரம்பு இல்லாவிட்டால் சிக்னல் இல்லாத இரவு ஒன்றில் ரேம் தீர்ந்து கன்ட்ரோலரே நின்றுவிடும்.

சுற்றின் முடிவில் '50 மில்லிசெகண்ட் தூங்கு' என்று எழுதாதீர்கள். வேலைக்கு 34, தூக்கத்துக்கு 50, சுற்று 84 ஆகிவிடும். 'அடுத்த சுற்று இந்த நேரத்தில்' என்று முழு நேரத்தைக் குறித்து, அதுவரை தூங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. சீரியல் சுற்று தனியாக, கணக்குச் சுற்று தனியாக, ஐஓ சுற்று தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடினால் மோசமான நேரத்தில் மூன்றின் தாமதமும் கூடும். படித்து முடித்ததும் கணக்கு, கணக்கு முடிந்ததும் எழுது என்று ஒரு சங்கிலியாகக் கோத்துவிடுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் உச்சத் தாமதம் நன்றாகவே இறங்கும்.

9. லினக்ஸில் கை வைப்பது இப்போதுதான்

மேலே உள்ளவற்றை முடித்து மறுபடி அளந்தபின், இன்னும் சில மில்லிசெகண்ட் துள்ளல் மிச்சமிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

சிபியு கவர்னரை (சிபியுவின் வேகத்தை முடிவுசெய்யும் லினக்ஸ் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்து, பாக்கெட் வந்ததும் ஏற்றுவதில் நேரம் போகாது. ஆனால் சூடு ஏறும். சூடாக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், பங்குனி சித்திரை வெயிலில், மூடிய பேனலுக்குள் போர்டு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டு 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் போடாமல் கவர்னரை மாற்றிப் பயனில்லை.

நெட்வொர்க் கார்டு பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் குறிப்பு) கொடுக்கும் பழக்கம் உண்டு. ஈத்டூலில் சிறிய எழுத்து சி அதைக் காட்டும், பெரிய எழுத்து சி மாற்றும். மின்சிக்கன ஈதர்நெட்டை அணைப்பதில் கிடைப்பது மைக்ரோசெகண்ட் கணக்குதான். 50 மில்லிசெகண்ட் இலக்குக்கு அதைத் தேடிப் போகவேண்டாம்.

பிரியெம்ப்ட் ஆர்டி (லினக்ஸை நேரம் தவறாமல் ஓடவைக்கும் கெர்னல் அமைப்பு), 2024-இல் வந்த லினக்ஸ் 6.12 முதல் பிரதான கெர்னலிலேயே இருக்கிறது. அது சராசரியைக் குறைக்காது, உச்சத்தைக் கட்டிப்போடும். கட்டுப்பாட்டு த்ரெட்டுக்கு ஃபிஃபோ முன்னுரிமை கொடுத்து, நினைவகத்தைப் பூட்டி, சைக்ளிக்டெஸ்ட்டை (லினக்ஸ் எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் நிரல்) முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். சும்மா இருக்கும் போர்டில் ஓட்டிய சோதனையை நம்பவேண்டாம்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, தங்கள் நிரலுக்கு 99 முன்னுரிமை கொடுப்பது. ஆர்டி கெர்னலில் இன்டரப்ட்டுகளும் த்ரெட்டுகளாக, இயல்பாக 50-இல் ஓடும். உங்கள் நிரல் 99-இல் சுழன்றுகொண்டே பதிலுக்குக் காத்திருந்தால், பதிலைக் கொண்டுவரவேண்டிய நெட்வொர்க் த்ரெட்டுக்கு சிபியுவே கிடைக்காது. நெட்வொர்க், சீரியல் இன்டரப்ட் த்ரெட்டுகளை உங்கள் நிரலுக்கு மேலே வையுங்கள், அல்லது வேறு கோருக்கு மாற்றுங்கள்.

10. நிலைக்க வையுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியதும் அளவு. ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ஈத்டூல் அமைப்பு, லேட்டன்சி டைமர், கவர்னர் மூன்றும் ரீபூட் ஆனதும் பழைய நிலைக்குப் போய்விடும். நன்றாக ஓடிய இயந்திரம் ஒரு கரண்டு வெட்டுக்குப் பிறகு மெதுவாகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். லேட்டன்சி டைமருக்கு யுடெவ் விதியும் (கருவியைச் செருகும்போது ஓடுவது), மற்றவற்றுக்கு சிஸ்டம்டி சேவையும் (பூட் ஆகும்போது ஓடுவது) எழுதுங்கள். யுஎஸ்பி மாற்றியைப் பிடுங்கிச் செருகினாலும் மதிப்பு நிற்கவேண்டும். பிடுங்கிச் செருகியே பாருங்கள்.

பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள். டிரைவ்கள் எழ நேரம் எடுக்கும். அதற்குள் கன்ட்ரோலர் அவற்றைச் செத்தவை என்று ஒதுக்கிவிட்டு மறுபடி சேர்க்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு டிரைவின் கம்பியைக் கழற்றி, மற்ற ஐந்தும் நீங்கள் எழுதிய ஒழுங்கில் நிற்கின்றனவா என்று பாருங்கள். வலை மாட்டாமல் செய்யுங்கள்.

டிரைவின் கம்யூனிகேஷன் இழப்பு நேரத்தைக் கடைசியாகவே அமைக்கவேண்டும், ஏனென்றால் இப்போதுதான் உங்களிடம் நம்பத்தக்க உச்ச எண் இருக்கிறது. உச்சம் 45 மில்லிசெகண்ட் என்றால், ஓரிரண்டு சுற்றுகள் தவறினாலும் தாங்கும்படி 200 போல வைக்கலாம். தொழிற்சாலை மதிப்பில் இந்தக் காவல் அணைந்தே வரும் டிரைவ்களும் உண்டு. அப்படியிருந்தால் கன்ட்ரோலர் செத்தாலும் ரோலர் கடைசி வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பாட் ரேட், டிரைவ் முகவரிகள், ஐபி எண்கள், டைம்அவுட்டுகள், அளந்த உச்சம், அளந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். டிரைவ் ஒன்று எரிந்து இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீசியன் புதியதை மாட்டும்போது, அதன் தொழிற்சாலை மதிப்பு அனேகமாக 9600-ஆகத்தான் இருக்கும். அவருக்குத் தேவைப்படுவது அந்தத் தாள்.